முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பரில் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்று கொடுக்க வயதானவர்களுக்கு உதவினோம் (கைரேகை விழாமல் சிலர் பட்ட பாடு தனிக்கதை).

இந்த ஆண்டு உருப்படியாகச் செய்தது ஜூலை 26 கார்கில் வெற்றி நாள் நிகழ்ச்சிதான். வழக்கமாக மாலை, மௌனம், டீ, அவ்வளவுதான். இந்த முறை பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, நம் திருச்சிக்காரர் மேஜர் மாரியப்பன் சரவணன் என்ன செய்தார் என்று வரைபடத்தோடு சொன்னோம். கன்டோன்மென்ட்டில் அவருடைய நினைவுச்சின்னத்தைப் பஸ்ஸில் கடந்து போகிற பிள்ளைகள்தான், ஆனால் கதை பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அப்பாவும் ராணுவ அதிகாரி. இவர் சென்னையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையமான ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 1995-ல் பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் சேர்ந்தார். கார்கில் போரில், 1999 மே 28 இரவு, படாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் எதிரி பதுங்குகுழி போட்டு உட்கார்ந்திருந்த நிலையைப் பிடிக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. அந்த உயரத்தில் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும், இவர்கள் சுமையோடு, மேலிருந்து பீரங்கிக் குண்டும் துப்பாக்கிச் சூடும் விழ விழ ஏறினார்கள். ராக்கெட் லாஞ்சரால் அடித்து எதிரிகள் இருவரை வீழ்த்தினார், குண்டுச் சிதறல் பட்டும் நிற்கவில்லை, மேலும் இருவரைச் சாய்த்த பிறகு தலையில் குண்டு பாய்ந்தது. 29-ஆம் தேதி காலை. வயது 26.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னபோதுதான் ஹாலில் பேச்சு அடங்கியது. உடலை எடுக்க முடியாமல் ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையிலேயே கிடந்தது. ஜூலையில் அவருடைய அதே பட்டாலியன், 1 பீகார், படாலிக்கின் ஜுபார் முகட்டைப் பிடித்தது.

மறைவுக்குப் பின் வீர் சக்ரா கொடுத்தார்கள். ஏன் பரம்வீர் சக்ரா இல்லை என்று ஒரு பையன் நேராகவே கேட்டுவிட்டான். போர்க்கள வீர விருதுகளில் மேலிருந்து பரம்வீர், மகாவீர், வீர் என்று வரிசை இருக்கிறது, கார்கிலில் பரம்வீர் கிடைத்தது 4 பேருக்குத்தான், அதில் உயிரோடு வாங்கியவர்கள் 2 பேர் என்று விளக்கினோம். மற்றபடி யாருக்கு எது என்று தராசு பிடிக்கிற வேலை நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்களில் சிலர் அன்றைக்கே மறுத்துப் பேசினீர்கள், சரி, பேசலாம்.

அதே தாக்குதலில் உயிர்விட்ட நாயக் கணேஷ் பிரசாத் யாதவுக்கும் வீர் சக்ரா. பீகார்க்காரர், இங்கே பெயர் தெரியாது. அடுத்த ஆண்டு அவர் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும், அப்புறம் மாலைச் செலவைக் குறைத்து ஒரு புரொஜெக்டர் வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன்.

செயலாளர்