கதையைப் படித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்: வடாற்காட்டு இலக்கிய அமைப்புகளுக்கும் தமிழ்த்துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் இலக்கியம் என்று வந்தால் நாமெல்லாம் இன்னும் ஒரே ஊர்க்காரர்கள்தான். குடியாத்தத்தில் கூட்டம் என்றால் ஆம்பூரிலிருந்து வருகிறார்கள். காட்பாடியில் என்றால் வாலாஜாவிலிருந்து பஸ் பிடிக்கிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நான் சிறுகதை எழுதுகிறவள், திருநங்கை. உங்கள் மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறேன். என் கதைகளைப் பற்றி அங்கே பேச வாய்த்ததுதான் மிகக் குறைவு.

ஒரு கல்லூரியில் 'படைப்பாளியோடு ஒரு மாலை' என்று கூப்பிட்டிருந்தார்கள். என் தொகுப்பு மேசை மேல் இருந்தது, மேல் உறையைக்கூடப் பிரிக்காமல். எந்த வயசில் தெரிந்தது, வீட்டில் அடித்தார்களா, ஆபரேஷன் செய்தபோது வலித்ததா என்று மாணவர்கள் வரிசையாகக் கேட்டார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. கதையை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை, வேறு என்ன கேட்பார்கள்? கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தப் பீடிக்காரம்மா ஏன் கடைசியில மொறத்தக் கவுத்து வெச்சிட்டுப் போறாங்க?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நேரமாகிவிட்டது என்று பொன்னாடையோடு வந்துவிட்டார்கள்.

அவளுக்குச் சொல்ல நினைத்ததில் கொஞ்சத்தை இங்கே சொல்கிறேன். எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். பதமானதும் தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். மடியில் முறம். ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும் அந்த விரல். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று ஏஜென்ட் ஒதுக்கும் பீடிக்குக் காசு கிடையாது, ஆனால் அதையும் அவரே அள்ளிக்கொண்டு போவார். சின்ன வயசில் எனக்கு அது புரியவே இல்லை. காசு கொடுக்காத பொருளை எப்படி எடுத்துப் போகலாம்? அந்தக் கேள்வியை வைத்துத்தான் அந்தக் கதையை எழுதினேன். அதில் திருநங்கை யாரும் கிடையாது.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் மாறுகிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து, கை தோல் உரிந்துபோன ஓர் ஆளைப் பற்றி ஒரு கதை எழுதினேன். படித்துவிட்டு ஒரு மூத்த எழுத்தாளர், "இதையெல்லாம் எழுத எங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கோம். நீ உங்க மக்களைப் பத்தி எழுதும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த டேனரித் தொழிலாளியும் என் மக்கள்தானே ஐயா? பாலாற்றில் என்ன கலக்கிறது என்பது எனக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்து வளர்ந்தேன்.

1912இல் நம் திருப்பத்தூரில் பிறந்தவர் மு.வ. 'அகல் விளக்கு' நாவலில் வேலய்யன் 'நான்' என்று சொல்லித்தான் கதையை நடத்துகிறான். அந்த நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வேலய்யன் நீங்கள்தானா என்று கேட்பதோடு அவரை விட்டுவிட்டோமா? பாத்திரம், நடை, முடிவு என்று இன்றுவரை வகுப்பில் பேசுகிறோம். என் கதையில் ஒரு பெண் அழுதால் மட்டும், எப்போது அழுதீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள்.

தன்வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வும் ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் வராமல் இருந்திருந்தால் என் போன்றவர்கள் பேனாவைத் தொட்டிருப்போமா என்பது சந்தேகம். ரேவதி தமிழில்தான் எழுதினார். ஆனால் 2010இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் தமிழிலேயே புத்தகமானது. நம் மொழியில் எழுதியதை நாம் இரண்டாவதாகப் படித்தோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிரியா பாபு 'மூன்றாம் பாலின் முகம்' என்று நாவலே எழுதியிருக்கிறார். உங்கள் தமிழ்த்துறையில் நாவல் என்ற தலைப்பில் அதைப் பேசியிருக்கிறீர்களா? பேசினாலும் விளிம்புநிலை என்ற அலகில், ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறோம்.

பதிப்பிலும் இதே கதைதான். என் முதல் தொகுப்பை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு பதிப்பாளர், "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க வாழ்க்கையை எழுதித் தாங்க, உடனே போடறேன்" என்றார். வாழ்க்கையை ஒருமுறைதான் எழுத முடியும். அப்புறம்? முப்பது வயதில் அதைக் கொடுத்துவிட்டால் மீதி ஆயுளுக்கு நான் எழுத்தாளராக இருக்க வேண்டாமா?

எழுதுவதற்கு இடமும் வேண்டும். எங்களுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் வாடகை கூடுதல். ஜமாத் என்று நாங்கள் சொல்லும், திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீட்டில் ஒரே அறையில் நாலைந்து பேர். பகலில் கடை கடையாகப் போய்க் காசு கேட்டுவிட்டு வந்து எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தட்டித் தட்டி எழுதுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். போன் தொலைந்தால் கதையும் போய்விடும். அதில் ஒருத்தி எழுதிய கதையைப் படித்துவிட்டு நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவள் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவளை எந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்? மேடை ஏறினால் அவளிடமும் ஆபரேஷனைத்தான் கேட்பீர்கள்.

ஏப்ரல் 15 எனக்கும் பெரிய நாள்தான். 2008இல் தமிழ்நாட்டில் எங்களுக்கு நலவாரியம் வந்த நாள். 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே தேதியில்தான். அன்றைக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஆடியில் சிறுகதைப் பட்டறை நடத்தினால் அதற்கும் கூப்பிடுங்கள். மற்ற எழுத்தாளர்களுக்குக் கவரில் வைத்துக் கொடுப்பதை எங்களுக்கும் கொடுங்கள். பொன்னாடையை வைத்து நான் வாடகை கட்ட முடியாது. அழைப்பிதழில் 'திருநங்கை எழுத்தாளர்' என்று போடுவதைவிட, 'சிறுகதை எழுத்தாளர்' என்று போட்டால் மகிழ்வேன். புத்தகத் திருவிழாவில் எங்கள் புத்தகங்களைத் தனி மேசையில் குவிக்காமல் சிறுகதை, நாவல் வரிசையில் வையுங்கள். மாணவர்கள் எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கதையாவது அவர்கள் கைக்குப் போகட்டும், ஜெராக்ஸ் போட்டாவது கொடுங்கள்.

இது நடக்காத காரியமில்லை. 2022இல் வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா ஜெயித்தார். வார்டு உறுப்பினரிடம் குழாய்த் தண்ணீரும் கால்வாயும் தெருவிளக்கும்தான் கேட்போம், ஏனென்றால் அது அவர் வேலை. என் வேலை கதை. அதைக் கேளுங்கள்.

அந்தக் கடைசி வரிசைப் பெண் இதைப் படித்தால், அவளுடைய துறைத்தலைவரிடம் சொல்லி ஒரு நாள் குறிக்கச் சொல்லட்டும். முறத்தைக் கவிழ்த்த இடம் தேவையில்லை என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டை போடுகிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரையும் அழைத்து வருகிறேன். பிள்ளைகள் கதையைப் படித்துவிட்டு வரட்டும், யார் பக்கம் நியாயம் என்று அவர்களே சொல்லட்டும்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஒரு சிறுகதை எழுத்தாளர்