கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்? வி.ஆர். வாங்குமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வி.ஆர். ஹெட்செட், அதாவது தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணைச் சுற்றி ஒரு கற்பனை உலகத்தைக் காட்டும் கருவி, வாங்கிய சிலர் கொஞ்ச நாளிலேயே அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். கேட்டால், "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்க, போட்டதும் கண்ணைப் பிடிச்சு இழுக்குது" என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அவர்களுடைய இரண்டு கண்களும் மற்றவர்களைவிடச் சற்றுத் தள்ளி அமைந்திருக்கின்றன. அவர்கள் வாங்கிய கருவியின் லென்ஸ்கள் அவ்வளவு தூரம் விலகி வருவதில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை வாங்கும் முன்பு யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

கண்ணாடிக் கடையில் "பி.டி." என்று ஒரு எண் எடுப்பார்கள், கவனித்திருப்பீர்கள். நேராகத் தொலைவில் பார்க்கும்போது ஒரு கண்மணியின் நடுவிலிருந்து இன்னொரு கண்மணியின் நடு வரைக்கும் உள்ள தூரம் அது. பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவம் 2012-ல் தன் வீரர்களை அளந்தபோது ஆண்களின் சராசரி 64, பெண்களின் சராசரி 62-க்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. அதே கணக்கில் ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 70 அல்லது அதற்கு மேல். இருப்பதிலேயே அதிகம் 77. ஆகவே உங்கள் எண் 70 அல்லது 72 என்றால் அதில் விநோதம் எதுவும் இல்லை. சராசரி மனிதருக்கென்று செய்த பொருள் உங்களுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? ஹெட்செட்டின் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு. கண்மணி அதற்கு நேர் எதிரே இருந்தால்தான் படம் முழுத் தெளிவாகத் தெரியும். கண் வெளிப்பக்கமாக விலகினால் எழுத்துகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் பிரியும், ஒரு பக்கம் மங்கும், தலையைத் திருப்பும்போது காட்சி லேசாக நெளிவதுபோல் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு படங்களையும் ஒன்றாக்கப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மூளையும் களைத்துப்போகும். அரைமணி நேரத்தில் புருவத்துக்கு நடுவே ஒரு வலி வரும். அதைத்தான் பலர் "ஒத்துக்கவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. உள்ளே தெரியும் உலகத்தைக் கருவி இரண்டு கற்பனைக் கேமராக்களிலிருந்து வரைகிறது. உங்கள் கண்களுக்கு இடையே 70 மி.மீ. இருக்க, கருவி 63 என்று நினைத்து வரைந்தால், அங்குள்ள அறையும் மேசையும் கதவும் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். விளையாடுபவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் தான் வரைந்த வீட்டுக்குள் வாடிக்கையாளரை நடத்திக் காட்டும் கட்டடக் கலைஞருக்கு இது உண்மையான சிக்கல். பத்தடி அறை பதினோரடியாகத் தெரிந்தால் அப்புறம் யார் பதில் சொல்வது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறோம். சில ஹெட்செட்டுகளின் மெனுவில் பி.டி. எண்ணைத் தட்டச்சு செய்யும் வசதி இருக்கும். லென்ஸ் நகராத கருவியில் அந்த எண்ணை மாற்றினால் வரையும் படம்தான் மாறும். அளவு சரியாகிவிடும், மங்கல் போகாது. லென்ஸ் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். 2019-ல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட் எஸ் இந்த வகை. ஓக்குலஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பால்மர் லக்கியே, தன் கண்களின் தூரம் 70-ஐ ஒட்டியது, அதனால் அந்தக் கருவியைத் தன்னால் பயன்படுத்த முடியாது என்று அப்போது வெளிப்படையாக எழுதினார். அந்த நிறுவனத்தை உருவாக்கியவருக்கே இந்த நிலை என்றால், விவரம் தெரியாமல் வாங்கும் ஒருவர் என்ன செய்வார்?

சரி, இப்போது கிடைப்பவற்றுக்கு வருவோம். எங்களிடம் அதிகம் கேட்கப்படுபவை மெட்டா குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையில் நிறைய. பலர் விலையைப் பார்த்து 3எஸ் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடைக்குள் வருகிறார்கள். கண்கள் தள்ளி இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

3எஸ்-இல் லென்ஸ்களைக் கையால் பிடித்து மூன்று நிலைகளில் நிறுத்தலாம்: 58, 63, 68. பழைய குவெஸ்ட் 2-லும் இதே ஏற்பாடுதான். உங்கள் எண் 72 என்றால் 68-இல் வைத்தாலும் 4 மி.மீ. இடிக்கும். அதை இரண்டு கண்களுக்கும் பங்கிட்டால் கண்ணுக்கு 2 மி.மீ. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் இந்தக் கருவியில் இருப்பது ஃப்ரெனல் வகை லென்ஸ், வட்ட வட்டமாக வரி போட்டது. அதில் தெளிவாகத் தெரியும் பகுதியே குறுகலானது, 2 மி.மீ. விலகினாலே தெரிந்துவிடும். அதோடு, இரண்டு கண்களுக்கும் சேர்த்து உள்ளே ஒரே திரை. லென்ஸை ஓரத்துக்குத் தள்ளினால் திரை கூடவே வராது. அதனால் 68 நிலையில் வெளிப்பக்கக் காட்சி கொஞ்சம் வெட்டுப்பட்டு, திரையின் விளிம்பே கண்ணில் படும். வேண்டிய நிலையில் வைத்துவிட்டோமே, இன்னும் ஏன் ஏதோ குறைகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

குவெஸ்ட் 3-இல் அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. திருப்பத் திருப்ப 58-லிருந்து 71 வரை லென்ஸ்கள் சீராக நகரும். அளவு எண்ணாகத் திரையிலேயே தெரியும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்திரை, அது லென்ஸோடு சேர்ந்து நகர்கிறது. லென்ஸும் பேன்கேக் வகை, தெளிவான பகுதி ஏறக்குறைய ஓரம்வரை விரிந்திருக்கும். 72 உள்ளவருக்கு இதில் கண்ணுக்கு அரை மி.மீ.தான் விலகல், உணரவே மாட்டார். 74, 75 உள்ளவர்கள்கூடச் சமாளிக்கிறார்கள். ஆகவே 69-க்கு மேல் எண் உள்ளவர்களுக்கு எங்கள் கருத்து தெளிவானது: 3எஸ்-இல் மிச்சமாகும் பணம் உங்களுக்கு மிச்சம் இல்லை. பணம் இப்போது கூடவில்லை என்றால் சில மாதம் காத்திருந்து வாங்குங்கள். அவசரப்பட்டு எங்களிடம் வாங்க வேண்டாம்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. எச்.டி.சி. வைவ் எக்ஸ்ஆர் எலீட் 54 முதல் 73 வரை போகும். பீக்கோ 4-இல் மோட்டாரே லென்ஸை நகர்த்தும், 62 முதல் 72 வரை. அது கண்கள் தள்ளி இருப்பவர்களை மனதில் வைத்தே செய்ததுபோல் இருக்கும், ஆனால் வீட்டில் சின்னக் கண் தூரம் உள்ளவர் போட்டால் அவருக்குக் கஷ்டம். ஆப்பிள் விஷன் ப்ரோ தானாகவே கண்ணைப் பார்த்து 51 முதல் 75 வரை சரிசெய்துகொள்ளும். விலை வேறு உலகம்.

பழையதை வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். எச்.பி. ரிவெர்ப் ஜி2 நிறையக் கைமாறுகிறது. படம் கூர்மையானது, விலையும் குறைவு. ஆனால் லென்ஸ் 60-லிருந்து 68 வரைதான் போகும். அதைவிட முக்கியம், அது இயங்கத் தேவையான மென்பொருளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டது. முதல் பிளேஸ்டேஷன் வி.ஆர்.-இல் லென்ஸ் நகரவே நகராது, இரண்டாவதில்தான் அதற்கென்று ஒரு திருகு வந்தது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவுக்காரர் கையில் வரவழைப்பவர்களும் முதலில் எண்ணைத் தெரிந்துகொண்டு எந்த மாடல் என்று சொல்லியனுப்புங்கள். வந்த பிறகு திருப்பிக் கொடுக்க வழி இருக்காது.

எண்ணைத் தெரிந்துகொள்வது எளிது. கண்ணாடி போடுபவர்கள் கடைசியாக எழுதிய சீட்டைப் பாருங்கள். இரண்டு எண் இருந்தால், எடுத்துக்காட்டாக 71/68 என்று, பெரியதுதான் தொலைவுப் பார்வைக்கானது. வி.ஆர்.-க்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னது புத்தகம் படிக்க. சீட்டில் இல்லையென்றால் கண்ணாடிக் கடையிலேயே கேளுங்கள், ஒரு நிமிட வேலை. வீட்டில் பார்ப்பதென்றால் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் ஒரு சாண் தள்ளி நின்று, மி.மீ. கோடு போட்ட அளவுகோலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யத்தை இடது கண்மணியின் நடுவுக்கு நேராக வையுங்கள். தலையையும் அளவுகோலையும் அசைக்காமல் இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் திறந்து, அதன் நடுவுக்கு நேரே எந்தக் கோடு என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை எடுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிலருக்கு மூக்கிலிருந்து ஒரு கண் 34, இன்னொன்று 37 என்று இருக்கும். பெரும்பாலான கருவிகளில் இரண்டு லென்ஸும் சேர்ந்தே நகர்வதால், அவர்கள் ஹெட்செட்டை ஓர் இழை பக்கவாட்டில் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்கள் தள்ளி இருப்பவர்கள் அகலமான கண்ணாடி ஃபிரேம் போடுவதும் வழக்கம், அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. குவெஸ்ட் 2-க்கு ஃபிரேமின் மொத்த அகலம் 142 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். காதில் மாட்டும் காம்பின் உள்பக்கம் 56-18-145 என்பதுபோல் எழுதியிருக்கும், அதில் 145 என்பது காம்பின் நீளம், ஃபிரேமின் அகலம் அல்ல. அகலத்தை முன்பக்கம் ஓரத்திலிருந்து ஓரம் அளந்துதான் பார்க்க வேண்டும். ஃபிரேம் நுழையாவிட்டால் உங்கள் பவரில் உள்ளே பொருத்தும் லென்ஸ் செய்துகொள்ளலாம்.

எல்லா வலிக்கும் பி.டி.யே காரணம் என்றும் சொல்ல மாட்டோம். ஹெட்செட் கீழே இறங்கி உட்கார்ந்தாலும் மங்கும். முதலில் மேலும் கீழும் நகர்த்தி எழுத்து தெளிவாகும் இடத்தைப் பிடியுங்கள், பிறகு சக்கரத்தைத் தொடுங்கள். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டே விளையாட்டுக்குள் ஓடும்போது வரும் குமட்டல் வேறு, அதை எந்த லென்ஸும் தீர்க்காது. வண்டி ஓட்டும் சிமுலேட்டர் ஆடும் நண்பர்கள் இங்கே நிறையப் பேர். கோயம்புத்தூர், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயப் பாதை இருக்கும் ஊரல்லவா! அவர்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பவர்கள். ஓரத் தெளிவு அவர்களுக்கு மிக முக்கியம், ஆகவே எண் 67, 68 என்றாலும் பேன்கேக் லென்ஸையே பாருங்கள் என்கிறோம்.

கல்லூரி ஆய்வகங்களுக்கு வாங்குபவர்கள், ஒரே கருவியைப் பல மாணவர்கள் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். மூன்று நிலை உள்ளதைவிடச் சக்கரம் உள்ளதையே கேளுங்கள். ஒவ்வொரு மாணவரின் எண்ணையும் ஒருமுறை எடுத்து வருகைப் பதிவேட்டிலேயே குறித்துவிட்டால், வகுப்பில் நேரம் வீணாகாது.

கடையில் பி.டி. எடுக்கக் கட்டணம் கிடையாது, வாங்கினாலும் வாங்காவிட்டாலும். வரும்போது கண்ணாடிச் சீட்டையும், வழக்கமாகப் போடும் கண்ணாடியையும் கொண்டுவாருங்கள். முடிந்தால் காலையில் வாருங்கள். நாள் முழுக்கக் கணினி பார்த்த கண்ணோடு மாலையில் போட்டுப் பார்த்தால் எந்தக் கருவியும் வலிக்கத்தான் செய்யும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் குறைந்தது இருபது நிமிடம் உட்கார்ந்து, சின்ன எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முன்பே எங்களிடம் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவாருங்கள், உங்கள் எண்ணுக்கு எவ்வளவு தூரம் சரிசெய்ய முடியும் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கடையிலிருந்து, கோயம்புத்தூர்