மலேரியா மாத்திரை என்று நிறுத்திவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கன்னத்துச் சிவப்பில் தொடங்கி, 'மருத்துவரை அணுகவும்' என்று முடிந்துவிடுகின்றன. சிக்கலே அணுகிய பிறகுதான். சீட்டில் முதல் வரியில் இருக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத்தான் பலர் முதலில் விட்டுவிடுகிறார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் 'மலேரியா' என்று போட்டிருக்கும். கண்ணைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். போதாததற்கு, ஒரு மாதம் சாப்பிட்டும் மூட்டுவலி அப்படியே இருக்கும்.

ஒரு மாதத்தில் இந்த மருந்து வேலை காட்டாது. உடலில் மெல்லச் சேர்ந்து பலன் தெரிய 2, 3 மாதமாகும். சிலருக்கு 6 மாதம்கூட ஆகலாம். உடலை விட்டுப் போவதும் அதே நிதானத்தில்தான். அதனால் நிறுத்திய வாரத்தில் ஒன்றும் தெரியாது, 'விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற தைரியம் வந்துவிடும். சில மாதம் கழித்துக் காய்ச்சல், வாய்ப்புண், விரல் மூட்டு வீக்கம் என்று நோய் திரும்பும்போது, விட்ட மாத்திரை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கண் பற்றிய பயம் முழுப் பொய்யல்ல, ஆனால் அது அளவைப் பொறுத்த விஷயம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அதன்படி 40 கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுதான். 60 கிலோ என்றால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. தினமும் 400 என்பது 80 கிலோ எடைக்கு உரிய அளவு. ஒல்லியான பெண்ணுக்கு அதே 400 வருடக்கணக்கில் ஓடினால் கண்ணுக்கு ஆபத்துதான். அளவுக்குள் இருந்தால், முதல் 5 ஆண்டுகளில் விழித்திரை பாதிக்கப்படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், 5 ஆண்டு கடந்தபின் ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடலில் தேங்கும் என்பதால், அளவையும் குறைத்து, சோதனையையும் முன்கூட்டியே தொடங்குவார்கள். சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொல்வது இதற்குப் போதாது. ஆரம்பப் பாதிப்பு இருப்பவர்கூடக் கடைசி வரிவரை வாசித்துவிடுவார். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும், பார்வைப் பரப்பில் எங்காவது மங்கல் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனையும் தேவை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்ற பேச்சு கிளம்பி, கடைகளில் மாத்திரையே கிடைக்காமல் போனது. பிறகு 'இதயத்தைக் கெடுக்கும்' என்ற செய்தி பரவியது. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. கொரோனாவுக்குப் பலனில்லை என்று கண்டறிந்த பிரிட்டிஷ் ஆய்வில் முதல் நாளிலேயே கொடுத்தது 2 கிராம். லூபஸுக்குக் கொடுப்பதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டாது. நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதை விடுபவர்கள் ஸ்டீராய்டை விடுவதில்லை. இரண்டே நாளில் வலி குறைகிறதே! பழைய சீட்டை நீட்டிப் பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். பிறகு முகம் உப்பியதும் ஒரே நாளில் நிறுத்துவார்கள். இதுவும் தவறு. 3 வாரத்துக்கு மேல் சாப்பிட்டவரின் உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். படிப்படியாக நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இறக்குவதுதான் இன்றைய இலக்கு. அப்படி இறக்குவதற்குத் துணை நிற்பதே அந்த 'மலேரியா மாத்திரை'தான்.

லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்கும். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. நுரை அடங்காத சிறுநீர், காலையில் கண்ணிமை வீக்கம் என்று தெரிவதற்கு முன்பே புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று காட்டும் புரதம்–கிரியாட்டினின் விகிதத்தைச் சிறுநீரில் பார்க்க வேண்டும். அது 0.5-ஐத் தாண்டி நின்றால், சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வரை யோசிப்பார்கள். இந்த ஒழுக்கைக் குறைக்கவே சிலருக்குப் பிரஷர் மாத்திரை தருகிறார்கள். 'எனக்குத்தான் பிரஷர் இல்லையே' என்று அதைக் கழித்துவிட வேண்டாம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

கர்ப்பம் தரித்தால் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடச் சொல்லும் வீடுகள் உண்டு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடர வேண்டும். கருவைப் பாதிப்பது, லூபஸுக்குத் தரும் இன்னொரு மருந்தான மைக்கோபீனோலேட்; அதைக் கருத்தரிக்க 6 வாரத்துக்கு முன்பே மருத்துவர் மாற்றிவிட வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் மருந்தின் பெயருக்கு மேலே நோயாளியின் எடையையும் எழுதுங்கள். அளவு மிஞ்சினால் கடையிலிருந்தே உங்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. பெரிய மருத்துவமனைச் சீட்டு வைத்திருக்கும் லூபஸ் நோயாளிகளுக்கு இந்த மாத்திரையையும் அந்தப் பையிலேயே போட்டு அனுப்ப அரசு ஏற்பாடு செய்யலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருச்சி