பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

மருந்துக் கடைகளை ஆய்வு செய்யும் பொறுப்பிலுள்ள அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளைப் பட்டியலிடும் எச்1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருப்பதும், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் எல்லாம் அதில் அடங்குவதும் நீங்கள் அறிந்தவைதான். சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சென்ற மாதம் என் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு. பக்கத்துக் கடையில் ஆறு மாத்திரை கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று அம்மா மிச்சத்தை எடுத்து வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் இரவு உடம்பு தூக்கிப்போட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள்?"

நான் உறையை நீட்டினேன். மேலே நீலப் பேனாவில் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டு, மீந்த இரண்டு மாத்திரைகளோடு. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. எங்களிடம் வந்தது '200' என்ற எண்ணும், ஓரத்தில், சீட்டு வேண்டிய மருந்து என்று காட்டும் சிவப்புக் கோட்டின் நுனியும்தான். மருத்துவர் துண்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

சிறுநீரகத்தில் தொற்று, ரத்தத்துக்கும் பரவியிருக்கலாம் என்றார்கள். ரத்தமும் சிறுநீரும், கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனைக்குப் போயின. எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. அரைகுறையாக உள்ளே போன ஆன்டிபயாடிக், சோதனைக் குப்பியில் கிருமியை வளர விடாமல் செய்துவிடுமாம். உடம்புக்குள் மட்டும் அது பிழைத்துக் கிடக்குமாம். எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று தெரியாமல் அனுமானத்தில்தான் வைத்தியம் நடந்தது. செஃப்ட்ரியாக்சோனை நரம்பு வழியாக மூன்று நாள் ஏற்றியும் காய்ச்சல் இறங்காமல், அதைவிடக் கடுமையான ஊசிக்கு மாற்றினார்கள். பதினோரு நாள். அம்மா பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் உட்கார்ந்தவனுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். 1945-இல் சார்டினியாத் தீவில் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து புரோட்சு என்ற மருத்துவர் ஒரு பூஞ்சையை எடுத்து, அதன் சாற்றை டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். செஃபிக்சிமும் செஃப்ட்ரியாக்சோனும் சேர்ந்த செஃபலோஸ்போரின் என்ற மருந்துக் குடும்பம் அங்கே தொடங்கியது. சாக்கடையில் தேடிக் கண்டெடுத்த மருந்தை நாம் சளிக்கும் தும்மலுக்கும் அள்ளி இறைக்கிறோம்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போய்க் கேட்டேன். "செஃபிக்சிம்தான், எல்லாருக்கும் அதுதான் போகிறது" என்றார் கடைக்காரர். பதிவேடு எங்கே என்றேன். கடன் நோட்டை எடுத்து நீட்டினார். அம்மாவின் பெயர் இருந்தது, பாக்கி இருந்தது, தேதிகூட இருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

அவர்மேல் எனக்குப் பகை இல்லை. மருத்துவரைப் பார்க்கக் கீழே போனால் ஒரு நாள் கூலி போய்விடும் மலையில், அவசரத்துக்குக் கதவைத் திறப்பவர் அவர்தான். ஆனால் ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்குக் கைரேகை வைக்கிறோம் ஐயா. உயிர் காக்கும் மருந்துக்கு ஒரு கையெழுத்து கிடையாது. கோடை விழா வந்தால் அண்ணா பூங்காவில் ஒவ்வொரு பூந்தொட்டியையும் எண்ணி வைக்கத் தெரிகிற நிர்வாகத்துக்கு, மாத்திரையை எண்ணுவது மட்டும் மலையேறுகிற காரியமாக இருக்கிறது. வாய் நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

நான் கேட்பது பெரிதல்ல. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் மேலே வாருங்கள். நாலு கடைகளில் எச்1 பதிவேட்டைக் கேளுங்கள், திறந்து பாருங்கள். சீட்டில்லாமல் இந்த மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். அட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உறைமேல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கோடு போடுகிற அதே பேனா போதும்.

அந்த உறையும் இரண்டு மாத்திரைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்குப் பணிவுடன்,
தோட்டக் கணக்கர் ஒருவர்,
ஏற்காடு