மூன்று வயதிலேயே கைநழுவும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எங்கள் பேரூராட்சியின் டீக்கடைகளில் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடுதான் பேச்சாக இருக்கிறது. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே ஐந்து விழுக்காடு குறைந்துவிடும் என்பதையோ, ஒன்பதாம் வகுப்போடு தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிய மாணவரும் அந்த இருபதில் ஒருவர் என்பதையோ யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால், அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைவதற்குக் காரணம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியராக நான் பணியாற்றிய காலத்தில், மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ரெண்டு வருஷமா வேன்ல போய்ப் பழகிட்டான் சார், இனிமே எப்படி மாத்துறது?" ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு நாம் அழைக்கும் பிள்ளை, மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.க்குப் போய்விட்டது.

நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019-ஆம் ஆண்டு அரசு மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அது வரவில்லை. அதே வேளையில், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கான கட்டணத்தை அரசே செலுத்துகிறது. ஏழைக் குழந்தைக்கு அந்த உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துத் தெருத் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.க்குப் பணம் கொடுக்கும் அரசு, தன் பள்ளியில் அந்த வகுப்பையே வைக்காதிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிள்ளைகள் குறைவதன் விளைவு பின்னாலேயே வருகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது அச்சட்டத்தின் அளவுகோல், வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். அதை ஜன்னல் வழியாகப் பார்க்கும் தாய் அடுத்த பிள்ளையையும் வேனில் ஏற்றுவதை எப்படிக் குறை சொல்வது? கொரோனாக் காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் எங்களிடம் வந்த பிள்ளைகளில் பலர் திரும்பிப் போனதும் இதனால்தான்.

எனவே, வரும் கல்வியாண்டிலேனும் எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு மழலையர் வகுப்புகளைத் தொடங்கவும், மாணவர் எண்ணிக்கையை மட்டும் பாராமல் மூன்றாவது ஆசிரியர் ஒருவரை நியமிக்கவும் பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.