1919-ல் சொன்னது, இன்னும் நடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் 2014-ல் தொடங்கிய மனிதநேயர் கட்சியை, நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீத வாக்கு வரம்பைத் தாண்டாத கட்சி என்று ஒதுக்குகிறார்கள். சரி, வாக்கு குறைவுதான். ஆனால் தேவாலயங்களுக்கு அரசு பணம் தருவதையும் வரி வசூலித்துக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லி அது கேட்பது நியாயம்தானே? 1803 வாக்கில் அன்றைய ஆட்சியாளர்கள் பறித்த தேவாலயச் சொத்துகளுக்கு ஈடாக, பெரும்பாலான மாநில அரசுகள் இன்றும் ஆண்டுதோறும் பணம் கட்டுகின்றன. மதமே வேண்டாம் என்பவரின் வரியும் அதில் போகிறது. இதை முடித்துவைக்கச் சொன்னது ஜெர்மனியின் அன்றைய அரசியலமைப்பான 1919 வைமார் அரசியலமைப்பு. இன்றைய அரசியலமைப்பான 1949-ன் அடிப்படைச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. அப்புறமும் பெரிய கட்சிகள் தள்ளிப்போட்டே வருகின்றன. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதமான தேவாலய வரியையும் அரசே வசூலித்துத் தருகிறது. உறுப்பினர்களிடம் சபையே வாங்கிக்கொள்ளட்டும். அக்கட்சியின் அணுமின் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

— ஒரு வாசகர்