கதர் வேறு, கைத்தறி வேறு

ஐயா, வணக்கம்.

காரைக்குடி கண்டாங்கிச் சேலை பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் அதைக் 'கதர்ச் சேலை' என்று எழுதியிருப்பதை எங்கள் ஊர்க்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். கையால் நூற்ற நூலைக் கையாலேயே நெய்தால்தான் கதர். கைத்தறிக்கு நெசவு கையால் நடந்தால் போதும், நூல் மில்லில் இருந்து வரலாம். கண்டாங்கிக்கு வருவதும் மில் நூல்தான்.

தொட்டாலே தெரிந்துவிடும். ராட்டை நூல் ஒரே சீராக இருக்காது, கதர்த்துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே தடிப்பு தெரியும். கண்டாங்கியின் உடல் சீராக, இறுக்கமாக இருக்கும். அகலக் கரையும், கடுகு மஞ்சளும் அரக்குமாக ஓடும் கட்டங்களும்தான் அதன் அழகு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தக் குழப்பத்தில் லாபம் விசைத்தறிச் சேலைக்குத்தான். "கதரா?" என்று கேட்பவரிடம் "ஆமாம், செட்டிநாடு காட்டன்" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள், தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவருக்கு விலை கட்டுவதில்லை. வாங்குபவர்கள் கதருக்குக் கதர் முத்திரையும் கண்டாங்கிக்குக் கைத்தறி முத்திரையும் கேட்டு வாங்கட்டும். தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– வாசகர், காரைக்குடி